ஆங்கிலத்தை மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உதவி மெர்ச்சண்டைசராக (ஆர்டர் கொடுப்பவருக்கும் உற்பத்திக்கும் இடையே தொடர்பைக் கவனிப்பவராக) வேலை பார்க்கிறேன். வயது 29. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன், பிறகு பி.காம். முடித்தேன். பையர் (சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார்) அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் புரிகிறது. பழைய மின்னஞ்சல்களைப் பார்த்துப் பதிலும் எழுதிவிடுகிறேன். வீடியோ கால் வந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை; மேலாளரே பேசுகிறார். 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் மூன்று வைத்திருக்கிறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் பேசிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை) பாடத்தோடு நின்றுவிட்டேன். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். பேருந்தில் போய்வர இன்னொரு மணி நேரம் ஆகிறது. இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டுமா? முறையாகக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்? ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பள்ளியிலும், அந்த மூன்று புத்தகங்களிலும், இரண்டு வகுப்புகளிலும் நீங்கள் ஏற்கெனவே பலமுறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 'ஈஸ், ஆர், வாஸ், வேர்' என்று நன்றாகத் தெரிந்த பகுதியிலேயே உங்கள் உற்சாகமெல்லாம் செலவாகி, பாடம் கடினமாகும் இடத்தில் அது தீர்ந்துபோயிருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு இது மிகவும் பழக்கமான கதை. இதில் உங்கள் அறிவின் குறை எதுவும் இல்லை.

பேசிவ் வாய்ஸையே எடுத்துக்கொள்வோம். 'த சாம்பிள்ஸ் வேர் டெஸ்பாட்ச்ட் எஸ்டர்டே', 'த லேப் டிப் (ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணி மாதிரி) ஹேஸ் பீன் அப்ரூவ்ட்' என்ற வாக்கியங்களைப் பழைய மின்னஞ்சல்களிலிருந்து எடுத்து, நாளையும் நிறத்தையும் மாற்றி, பொருள் பிசகாமல் பையருக்கு அனுப்புகிற வேலையில் இருக்கிறீர்கள். அவை அத்தனையும் பேசிவ் வாய்ஸ்தான். வகுப்பில் நீங்கள் தடுமாறியது, ராமன் மாம்பழம் தின்றான் என்பது போன்ற வாக்கியங்களை எல்லாக் காலத்துக்கும் புரட்டிப் புரட்டி எழுதச் சொல்லும் பயிற்சியில். அந்தப் பயிற்சியால் ஒரு வீடியோ காலைக்கூடச் சமாளிக்க முடியாது என்பதால், அதில் நின்றுபோனதற்காக வருந்த வேண்டியதில்லை.

முறையாகக் கற்பது என்றாலே இலக்கண நூலின் பொருளடக்க வரிசையில் கற்பது என்ற எண்ணம் நமக்குப் பள்ளியிலேயே ஊறிவிட்டது. இதைக் கேள்விக்கு உட்படுத்திய முக்கியமான முயற்சி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை மொழி கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவும் அவருடன் சேர்ந்த ஆசிரியர்களும் பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் நடத்திய 'பெங்களூர்த் திட்டம்' அது. இலக்கண வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவு செய்வது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளை மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். பொருளில் கவனம் இருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு மனத்தில் படியும் என்பது பிரபுவின் வாதம். இலக்கண விளக்கமே தேவையில்லை என்ற அளவுக்கு நான் போக மாட்டேன். வயது வந்தவர்களுக்கு நல்ல விளக்கம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் எதை எப்போது கற்பது என்பதைப் புத்தகத்தின் வரிசை தீர்மானிக்கக் கூடாது, செய்யவேண்டிய வேலை தீர்மானிக்க வேண்டும் என்பதில் அவர் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

அப்படியானால் முறை என்பது எங்கே இருக்கிறது? நேரத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன், ஒரு நல்ல மொழிப் பயிற்சியில் நான்கு வகை வேலைகள் ஏறத்தாழச் சம அளவில் இருக்க வேண்டும் என்று 2007இல் எழுதினார். புரிந்துகொள்வதற்காகக் கேட்பதும் படிப்பதும் முதல் வகை. சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காகப் பேசுவதும் எழுதுவதும் இரண்டாவது. இலக்கணம், சொற்கள், உச்சரிப்பு என்று மொழியையே நின்று கவனிப்பது மூன்றாவது. ஏற்கெனவே தெரிந்ததை, புதிதாக எதையும் சேர்க்காமல், தடையின்றி வேகமாகச் செய்யப் பழகுவது நான்காவது. நீங்கள் இத்தனை ஆண்டுகளில் செலவிட்ட நேரம் அநேகமாக முழுவதும் மூன்றாம் வகைக்கே போயிருக்கிறது. நான்காவது வகை நம் ஊர்ப் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. வீடியோ காலில் உங்கள் வாயை அடைப்பது அந்த நான்காவதின் இல்லாமைதான்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐரோப்பா கவுன்சில் (Council of Europe) 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. இன்று பெரும்பாலான தேர்வுகளும் பாடநூல்களும் இந்தப் படிகளைத்தான் பயன்படுத்துகின்றன. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஏ2க்கு 180 முதல் 200 மணி நேரமும், பி1க்கு 350 முதல் 400 மணி நேரமும், பி2க்கு 500 முதல் 600 மணி நேரமும் வகுப்புப் பயிற்சி தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்கு. ஒரு படி ஏற 150, 200 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் இல்லாமல் கற்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். தினம் ஒரு மணி நேரம் படித்தால் முப்பது நாள் புத்தகம் தருவது வெறும் 30 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் வாசிப்பில் பி1 அருகிலும் பேச்சில் ஏ2க்குச் சற்றுக் கீழேயும் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வாரத்துக்கு ஆறு நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் காலை நேரம் மட்டுமே 300 மணி ஆகிறது. பேருந்து நேரத்தையும் சேர்த்தால் ஓராண்டில் உங்கள் பேச்சு பி1ஐ எட்டிவிடும் என்று தயங்காமல் சொல்வேன். பி1 என்றால் பழகிய வேலை விஷயங்களைச் சிறு பிழைகளோடு, ஆனால் தெளிவாக, எதிரில் இருப்பவருக்குச் சொல்ல முடிகிற நிலை. இப்போதைக்கு உங்களுக்குத் தேவையானது அதுதான்.

பேருந்து நேரம் கேட்பதற்கு. பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' இணையதளத்தில் ஏ1 தொடங்கிப் படிவாரியாக ஒலிப்பதிவுகளும் அவற்றின் எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏ2இலிருந்து தொடங்குங்கள், அது எளிதாக இருக்கிறது என்று தோன்றினாலும் ஒரு மாதம் அங்கேயே இருங்கள். பிறகு பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை, பார்த்துக்கொண்டு ஒரு முறை, மறுபடி பார்க்காமல் ஒரு முறை என்று ஒரே பதிவை மூன்று தடவை கேளுங்கள். தினம் ஒரு புதிய பதிவு என்று ஓடுவதைவிட இரண்டு நாளைக்கு ஒன்று என்று நிதானமாகப் போவதில்தான் காது திருந்துகிறது. ஆங்கிலப் படங்களையும் செய்தி அலைவரிசைகளையும் இந்தக் கட்டத்தில் பயிற்சியாகக் கொள்ள வேண்டாம். பாதி புரியாத ஒலியை மணிக்கணக்கில் கேட்பதால் பலன் மிகக் குறைவு.

வாசிப்புக்கும் இதே விதிதான். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 250 சொற்கள் இருந்தால் அதில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த நூல் உங்களுக்கு இப்போது உகந்ததல்ல. ஆக்ஸ்போர்டு, பெங்குவின் போன்ற பதிப்பகங்கள் பயன்படுத்தும் வெவ்வேறு சொற்கள் 400, 700, 1,000 என்று கட்டுப்படுத்திப் படிப்படியாகக் கதை நூல்களை வெளியிட்டிருக்கின்றன. மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் நான்கு நிலைகளில் உள்ள கதைகளைச் செல்பேசியிலேயே படிக்கலாம். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. குழந்தைகளுக்கான கதை என்று கூச்சப்பட வேண்டாம். தடையில்லாமல் ஓடுகிற வாசிப்புதான் வாக்கியத்தின் போக்கை மனத்தில் ஏற்றுகிறது.

காலை ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாற்றம் அங்கேதான் நடக்கப்போகிறது. முதல் இருபது நிமிடத்தை மொழியைக் கவனிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலாக உங்கள் அலுவலக மின்னஞ்சல்களே போதும். நன்றாக எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சலை எடுத்து இரண்டு முறை படியுங்கள். அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் 'த' (the) விட்டுப்போயிற்று, எந்த வினைச்சொல்லின் காலம் மாறிற்று என்று உங்கள் கண்ணே காட்டிக்கொடுக்கும். ஒரு வாரம் இதைச் செய்தால் உங்களுக்கு எந்த இலக்கணம் தேவை என்ற பட்டியல் உங்கள் நோட்டிலேயே இருக்கும். அப்போது இலக்கண நூலைத் திறந்து அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் இரண்டு பிழைகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைக்குள் அனுப்புகிறோம் என்பதை 'வித்இன் தர்ஸ்டே' என்று சொல்கிறோம். ஒரு கெடு நாளைக் குறிக்கும்போது 'பை தர்ஸ்டே' என்றும், ஒரு கால அளவைக் குறிக்கும்போது மட்டும் 'வித்இன் த்ரீ டேஸ்' என்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிழையால் பெரிய கேடு இல்லை, பையர் புரிந்துகொள்வார். அடுத்தது அப்படியல்ல. 'ஹேவ்ன்ட் த டிரிம்ஸ் அரைவ்ட்?' என்று பையர் கேட்கிறார் (டிரிம்ஸ் என்பது பட்டன், ஜிப், லேபிள் போன்ற துணைப்பொருள்கள்). வரவில்லையா என்ற கேள்விக்கு ஆமாம், வரவில்லை என்பது தமிழில் சரியான பதில் ஆகையால், நாம் 'எஸ்' என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அவர் டிரிம்ஸ் வந்துவிட்டது என்று எழுதிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும், பொருள் வரவில்லை என்றால் பதில் 'நோ'தான். எனவே வெறும் எஸ், நோவோடு ஒருபோதும் நிறுத்தாமல், 'நோ, தே ஹேவ்ன்ட் அரைவ்ட் எட்' என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழகுங்கள். எண்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 'ஃபிஃப்டீன் தௌசண்ட்', 'ஃபிஃப்டி தௌசண்ட்' இரண்டும் இணைய ஒலியில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்த இருபது நிமிடம் பேசுவதற்கு. யாரும் எதிரில் இல்லாவிட்டாலும் பேசலாம். செல்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். முந்தைய நாள் அலுவலகத்தில் நடந்த ஒன்றை, உதாரணமாக டையிங்கில் (துணிக்குச் சாயமேற்றுவதில்) ஷேடு மாறிப்போனதை, பையருக்கு விளக்குவதுபோல் சொல்லுங்கள். 'த ஷேட் டிட் நாட் மேட்ச். வீ ஸ்போக் டு த டையிங் யூனிட். வீ வில் சென்ட் எ நியூ லேப் டிப் பை தர்ஸ்டே.' மூன்று சிறிய வாக்கியங்கள் போதும். நீண்ட வாக்கியம் அமைக்க முயன்று நடுவில் சிக்கிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆங்கிலச் சொல் வராத இடத்தில் தமிழைப் போட்டுக்கொண்டு மேலே போங்கள். பிறகு பதிவைக் கேட்டு, அந்தச் சொற்களை மட்டும் அகராதியில் பாருங்கள்.

மீதமுள்ள இருபது நிமிடம்தான் நான் முன்பு சொன்ன நான்காவது வகை. அதே செய்தியை மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் முறை நான்கு நிமிடம், இரண்டாம் முறை மூன்று நிமிடம், மூன்றாம் முறை இரண்டு நிமிடம். செய்தி குறையக் கூடாது, நேரம் மட்டும் குறைய வேண்டும். மொழி வகுப்புகளில் நன்கு அறியப்பட்ட பயிற்சி இது. நான்கு நிமிடம் பேச விஷயம் இல்லையென்றால் இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை பேசும்போது சொற்களைத் தேடும் இடைவெளி குறைந்திருப்பதை நீங்களே கேட்பீர்கள். புதிதாக எதுவும் படிக்கவில்லையே என்ற குற்ற உணர்வு சிலருக்கு வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் சிந்திப்பது பற்றிய கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. தமிழில் சிந்திப்பது குற்றமல்ல, அதை வலிந்து நிறுத்தவும் முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடுகிறது. எனவே சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர் முழு வாக்கியத்தையும் மனத்தில் தாங்கிக்கொண்டு தலைகீழாக அடுக்க வேண்டியிருக்கிறது. வீடியோ காலில் அதற்கு நேரம் இல்லை. அதனால் தனிச் சொற்களைவிடப் பாதி வாக்கியங்களைப் பழகிக்கொள்ளுங்கள். 'வீ ஆர் வெயிட்டிங் ஃபார்' என்ற தொடர் நாவில் தயாராக இருந்தால், அப்ரூவல், லேபிள், டெஸ்ட் ரிப்போர்ட் என்று எதை வேண்டுமானாலும் அதன் பின்னால் சேர்த்துவிடலாம். இப்படி ஐம்பது தொடர்கள் பழகிவிட்டால் மொழிபெயர்க்கும் வேலை தானாகவே குறையும்.

சொற்களைப் பொறுத்தவரை பேராசைப்பட வேண்டாம். டாக்காவில் கல்வி அதிகாரியாகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அடிக்கடி பயன்படும் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். இந்த அளவு சொற்கள் அன்றாட உரையாடலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை நிரப்பிவிடுகின்றன. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்போர்டு 3000 பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் எந்தப் படிக்கு உரியது என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஏ1, ஏ2 சொற்களை ஓட்டமாகப் பார்த்துத் தெரியாதவற்றை மட்டும் எடுங்கள். நாளுக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றையும் உங்கள் வேலையில் வரும் ஒரு வாக்கியத்தோடு சிறு அட்டையில் எழுதி, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பாருங்கள். இடைவெளி விட்டு நினைவுபடுத்தாத சொல் தங்காது.

வகுப்பில் மறுபடி சேரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த எண்ணம் வரும். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு சேருங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுகிற நேரம் அதிகமா, மாணவர்கள் பேசுகிற நேரம் அதிகமா என்று மட்டும் கவனியுங்கள். மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ளாத வகுப்பு உங்களுக்குப் பயன்படாது. செல்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு பேசிப் பழகுவதும் நல்லதுதான்; எல்லாப் பிழையையும் திருத்தச் சொன்னால் மலைத்துப்போவீர்கள், ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே செய்யவேண்டியது ஒன்று உண்டு. வீடியோ காலில் நீங்கள் மௌனமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், புரியாதபோது என்ன சொல்வது என்று கையில் வாக்கியம் இல்லாததுதான். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?', 'டூ யூ மீன் த ஸெகண்ட் சாம்பிள்?', 'லெட் மீ செக் அண்ட் கம் பேக் டு யூ பை ஈவ்னிங்', 'குட் யூ ப்ளீஸ் புட் தட் இன் த மெயில்?' இந்த நான்கையும் யோசிக்காமல் வருகிற அளவுக்குச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் பையர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவே இருக்கும். திருப்பிக் கேட்பதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை, தவறான சரக்கு வந்து சேர்வதைத்தான் குறையாக நினைப்பார்கள்.

அதன் பிறகு மேலாளரிடம் பேசுங்கள். அடுத்த காலில் சாம்பிள் நிலவரத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஐந்து நிமிடம் போதும், சிக்கினால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். சாம்பிள் நிலவரம் உங்கள் கையில் இருக்கும் விஷயம். அதில் பையரைவிட உங்களுக்கே அதிகம் தெரியும். என்ன கேட்பார் என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வேண்டிய வாக்கியங்களை முந்தைய நாள் காலையில் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். நான்கைந்து கால்கள் அப்படிப் போன பிறகு ஷிப்மென்ட் தேதியையும் நீங்களே பேசக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை உங்கள் ஒலிப்பதிவு ஒன்றைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் கேட்டுவிட்டு, எங்கே இன்னும் தடுக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான திட்டத்தை அதை வைத்துப் பேசுவோம்.